திருகைக்கல் குளம்

என் எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆபீசில் கட்டையில் குச்சி அடுக்க உட்கார்ந்தவள் நான். ஒன்றைச் சொல்ல வந்து வேறொன்றுக்குப் போய்விடுவேன். பாதி மறந்தும் போச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் "நீங்க தொட்டா கருகிரும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னவளையும், சொன்ன இடத்தையும், அன்றைக்கு அவள் கட்டியிருந்த ஊதாச் சேலையையும் மறக்கவில்லை.

சொன்னவள் என் கொழுந்தனார் பெண்டாட்டி, என் ஓரகத்தி. எனக்கு இளையவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பக்கத்து வீடு. நடுவில் ஒரு சுவர். கொழுந்தனார் உரக்கடை வைத்து மேலே வந்துவிட்டார். அவர்கள் வீட்டுக்கு மாடி உண்டு. எனக்கு ஒரு கட்டு வீடு, மேலே மொட்டை மாடி, பின்னால் கொஞ்சம் கரிசல் மண்.

எங்கள் தெருவில் பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி போடுவார்கள். ஒரு வீட்டில் இருட்டறையில் மண்ணும் காய்ந்த சாணித்தூளும் வைக்கோலும் நிரப்பிய சட்டிகளில் பயறு வகைகளைத் தூவி வளர்த்து, அம்மன் முன்னால் வைத்துக் கும்மியடித்து, கடைசி நாள் தலையில் சுமந்துபோய் ஊருணியில் கரைப்போம். கோவிலிலிருந்து தலைக்கு ஏற்றிவிட்டால் தண்ணீரில்தான் இறக்க வேண்டும். வழியில் தரையில் வைக்கக் கூடாது. அது எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடு.

எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் பங்குனி அது. வழக்கம்போல ஊற வைத்த தட்டாம்பயறைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு முளைப்பாரி வீட்டுக்குப் போனேன். அந்த வருஷம் முளைப்பாரி வளர்ப்பது என் ஓரகத்தி வீட்டில். ஊர்வலத்தில் முதலில் போகிற தலைச்சட்டியை எடுக்கிறவளும் அவள்தான். நடையிலேயே மறித்தாள்.

"அக்கா, நீங்க இதுல கை வைக்காதீங்க. நீங்க தொட்டா பயிரு கருகிரும். கும்மிக்கு வேணா வாங்க, தள்ளி நின்னு பாட்டுப் படிங்க."

உள்ளே தெருப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. எனக்கோ நாலு பேர் முன்னால் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படி. கிண்ணத்தோடு திரும்பிவிட்டேன். அந்தப் பயறை அவித்து ஒற்றையாளாக உட்கார்ந்து தின்றேன். தொண்டையில் இறங்கவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நன்றாகவே இறங்கியது. கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

அதற்கு அடுத்த சித்திரையில் அவள் வீட்டு வாசலில் ஒரு நீரூற்று வைத்தாள். எங்கேயோ கடையில் வாங்கி லாரியில் வந்தது. வெள்ளை வெளேரென்று ஓர் அன்னப்பறவை. அது வாயிலிருந்து தண்ணீரைக் கொட்டும். கீழே டைல்ஸ் ஒட்டிய தொட்டி. விளக்கு போட்டால் தண்ணீர் சிவப்பாகும், பச்சையாகும். குடிதண்ணீருக்கே குழாயைப் பார்த்துக் காத்துக் கிடக்கிற ஊரில் இது. தெருவே போய்ப் பார்த்தது. நானும் போய்க் கேட் ஓரமாக நின்றேன்.

"உள்ள வாங்கக்கா. தண்ணியத் தொட்டுறாதீங்க என்ன, ஷாக் அடிச்சிரும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். தொட்டால் எனக்கு ஷாக் அடிக்கும் என்று பயந்தாளா, தண்ணீருக்கு என்னால் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தாளா என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். என் கையால் என் மண்ணில் ஒரு குளம் வெட்ட வேண்டும். அதைச் சுற்றிப் பச்சை நிற்க வேண்டும். மாடியிலிருந்து அதை அவள் தினமும் பார்க்க வேண்டும். ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, நான் தொட்ட தண்ணீருக்கு முன்னால் அவள் வந்து நிற்க வேண்டும். வேறு ஆசை கிடையாது. காசிக்குப் போக வேண்டும் என்றுகூட நான் நினைத்தது இல்லை.

முதல் தடவை கோபத்தில் அறிவுகெட்டுப் போனேன். கார்த்திகையில் மண் நெகிழ்ந்து கிடக்கும்போது குழி வெட்டி, கொத்தனாரைக் கூப்பிட்டுச் செங்கல் வைத்துச் சிமெண்டு பூசினேன். கரிசலில் இப்படிக் கட்டக் கூடாது என்று எனக்குத் தெரியாதா? மழைக்கு ஊதிப் பெருக்கிற மண், வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடித்துவிடும். என் வீட்டுச் சுவரிலேயே ஒரு வெடிப்பு வருஷா வருஷம் விரிந்து விரிந்து மூடும். அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்கிறவள், அதே மண்ணில் சிமெண்டுத் தொட்டி கட்டினேன். மாசி வரைக்கும் நின்றது. பங்குனி வெயிலில் மண் கை நுழைகிற அளவுக்கு வாயைப் பிளந்தது. தொட்டியும் கூடவே பிளந்தது. காலையில் பார்த்தால் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஈரக்கறை மட்டும் இருந்தது.

மாடியில் துணி காயப்போட வந்தவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, குளம் வத்திப் போச்சா? கைராசிதான்."

மம்பட்டியை எடுத்து அந்தச் சிமெண்டை முழுக்கப் பெயர்த்துப் போட்டேன். ஒவ்வொரு அடிக்கும் அவள் முகம்தான் மனசில்.

பிறகு நிதானமாக யோசித்தேன். இந்த மண் அசையும். அசைகிற மண்மேல் விறைப்பான பொருளைப் போட்டால் உடையத்தான் செய்யும். கூடவே அசைகிற மாதிரி ஒன்றை விரிக்க வேண்டும். கழுகுமலை பஸ்ஸில் போகும்போது காட்டுக்குள் பண்ணைக்குட்டை வெட்டி ஷீட் விரித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது மாதிரிதான். பழைய குழியை இன்னும் அகலமாக வெட்டினேன். ஓரத்தைச் செங்குத்தாக விடாமல் தட்டு மாதிரிச் சரித்துவிட்டேன். அடியில் சரள் மண்ணைக் கொட்டி மிதித்தேன். அதன்மேல் ஓடை மணல் பரப்பினேன். மணலுக்குமேல் லாரிக்குப் போடுகிற பழைய தார்ப்பாய், மடிப்பு மடிப்பாகத் தளர விட்டு விரித்தேன். இழுத்துக் கட்டக் கூடாது. மண் விரிகிறபோது கூட விரிவதற்குத் துணி மிச்சம் வேண்டும். யாராவது செய்யப் போனால் இதை மட்டும் மறக்க வேண்டாம்.

தார்ப்பாய் வெயில் பட்டால் இற்றுப் போகும். மேலே ஒரு விரிப்பு வேண்டும். அது கிடைத்த கதையைச் சொல்கிறேன்.

தொட்டி வெடிப்பதற்கு முந்தின தை மாதம் என் ஓரகத்தியின் மகனுக்குக் கல்யாணம் நடந்தது. தெருமுனையில் பெரிய பிளக்ஸ் கட்டினார்கள். பெண், மாப்பிள்ளை, அவர்களைச் சுற்றிச் சொந்தக்காரர்கள் முகம், உரக்கடையில் மூட்டை இறக்குகிறவர் முகம்கூட. நடுவில் இவள் பட்டுச் சேலையில் கைகூப்பி நிற்கிறாள். மேலே வட்டம் வட்டமாகச் செத்தவர்கள் படம், ஆசி வழங்குகிறார்களாம். அதிலும் எங்க வீட்டுக்காரர் இல்லை. மாப்பிள்ளைக்குச் சொந்தப் பெரியப்பா. தோளில் தூக்கி வளர்த்தவர். நானும் இல்லை. போகட்டும், என் முகம் பிளக்ஸில் போடுகிற முகம் இல்லை. அவரை விட்டதைத்தான் இன்றுவரைக்கும் விழுங்க முடியவில்லை.

கல்யாணம் முடிந்து அந்த பிளக்ஸ் எங்கெங்கோ போய், வெயில் காலத்தில் பக்கத்துக் காட்டில் கிடை போட்டிருந்த ஆட்டுக்காரரிடம் வந்து சேர்ந்திருந்தது. புதூர்ப் பக்கத்து ஆள். குட்டிகளை அடைக்கிற பட்டிக்கு மேலே கூரையாகப் போட்டிருந்தார். என் வயதுக்கு அவர் சின்னவர்தான். ஆனாலும் வெளி ஆளை அண்ணாச்சி என்று சொல்வதுதான் வாயில் வரும்.

"அண்ணாச்சி, இந்தப் பிளக்ஸ எனக்குத் தாறீங்களா? பதிலுக்கு ஒரு தகரம் தாரேன்."

"தகரம் தந்தா குட்டிக்கு இன்னும் நல்லதுல்லா. உங்களுக்கு எதுக்கு பெரியம்மா இது?"

"குளத்துல விரிக்க."

அவர் பிளக்ஸைப் பார்த்தார். எங்கள் தெருப் பக்கம் தெரிந்த மாடி வீட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூஞ்சி மேல பாக்கவா, கீழ பாக்கவா?"

"மேல."

"அப்ப இப்பமே எடுத்துக்கிடுங்க" என்று சிரித்துக்கொண்டே கயிற்றை அறுத்துவிட்டார்.

விரித்தபோது அவள் முகம் சரியாகக் குளத்தின் நடு ஆழத்தில் விழுந்தது. தானாக விழவில்லை. நான்தான் இழுத்து இழுத்து வைத்தேன். மற்ற முகங்கள்மேல் எல்லாம் கூழாங்கல் பரப்பினேன். அவர்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அவள் முகத்தின்மேல் மட்டும் கல் வைக்கவில்லை. தண்ணீர் போதும்.

இனி ஊற்று. கழுகுமலையிலிருந்து கல்யாணமாகி வரும்போது எங்கம்மா ஒரு திருகை கொடுத்துவிட்டிருந்தாள். மிக்ஸி வந்த பிறகு அது கதவுக்கு அண்டை கொடுக்கத்தான் உதவியது. அதன் மேல்கல்லில் நடுவே தானியம் போடுகிற ஓட்டை உண்டே, அதில் குழாயைச் செருகினால் தண்ணீர் ஊறி மேலே வந்து, கல் முழுக்கப் பரவி, விளிம்பைச் சுற்றி வழியும். துளை போட ஆள் கூப்பிட வேண்டிய வேலையே இல்லை. மோட்டார் வாங்கக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குப் போனேன். ஏர்கூலருக்குள் போடுகிற குட்டி மோட்டார்.

"எந்தக் கூலருக்கு பெரியம்மா?"

"கூலரு இல்ல."

"பெறகு?"

எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. "சும்மா" என்றேன்.

"சும்மாவுக்கு மோட்டார் வாங்குன மொத ஆளு நீங்கதான்" என்று கொடுத்துவிட்டார்.

முதலில் திருகையை உயரமாகச் செங்கல் அடுக்கி வைத்தேன். காற்று பாதித் தண்ணீரை வெளியே கொண்டுபோய்விட்டது. எங்கள் பக்கம் அடிக்கிற காற்றுக்கு அன்னப்பறவை எல்லாம் தாங்காது. அவள் வீட்டு நீரூற்றே பாதி நாள் தெருவுக்குத்தான் தண்ணீர் தெளிக்கும். நான் கல்லைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே இறக்கி வைத்தேன். அப்போது ஒரு சத்தம் வந்தது. ஆட்டுக்குட்டி பால் குடிக்கிற மாதிரிச் சத்தம். அவள் மத்தியானம் படுக்கிற அறையின் ஜன்னல் எங்கள் நடுச்சுவருக்கு மேலேதான் இருக்கிறது. திருகையை அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்தேன். அவள் சாப்பிட்டு முடித்துப் படுக்கிற நேரத்துக்குச் சுவிட்சைப் போடுவேன்.

"யக்கா, அந்த மோட்டார நிப்பாட்டுங்களேன், கண்ணசர முடியல" என்பாள் ஜன்னலிலிருந்து.

நான் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று சொல்ல வாய் துடிக்கும். வராது. காது கேட்காத மாதிரிச் சேம்புக்குக் களை பிடுங்கிக்கொண்டு இருப்பேன்.

ஐப்பசி மழைக்கு மொட்டை மாடித் தண்ணீரைக் குழாய் வைத்துக் குளத்துக்கு இறக்கினேன். குறைகிறபோது தெரு அடிபம்பிலிருந்து உப்புத் தண்ணீர். அதை யாரும் குடிக்க மாட்டார்கள். கரையில் சேம்பு, வல்லாரை, கோரை வைத்தேன். எல்லாம் நான் தொட்டு வைத்ததுதான். எதுவும் கருகவில்லை. கொசு வருமே என்று ஊருணி வற்றுவதற்கு முன்னால் தூக்குச்சட்டியில் மீன்குஞ்சு பிடித்து வந்து விட்டேன். தவிட்டுக்குருவிகள் திருகைமேல் உட்கார்ந்து குளிக்கும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஊருணி வற்றியது என்றேனே, அது தூர்வாருகிறோம் என்று தண்ணீரைத் தாங்குகிற அடிக்களி போகிற அளவுக்கு ஆழமாக வெட்டிப் போட்டதால். அந்த வருஷம் பேருக்குத்தான் மழை. என் குளத்துக்கு அது போதும். ஊருணி அதைக் குடித்துவிட்டு மறுபடி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. பங்குனி வந்ததும்தான் முளைப்பாரியை எங்கே கரைப்பது என்று தெருவுக்கு நினைவு வந்தது. கோவில் முன்னால் பெண்கள் கூடினார்கள். நான் ஓரமாக நின்றேன்.

தெருவில் வாய் பெரிசாக ஒரு மூத்த பெண் உண்டு. யாருக்கும் பயப்படாதவள். அவள்தான் ஆரம்பித்தாள். "ஏட்டி, ஒன் வீட்டுலதான் அன்னம் தண்ணி கக்குதே. அதுல கரைச்சிருவோம்."

என் ஓரகத்தி பதறிவிட்டாள். "ஐயையோ, மோட்டாரு அடைச்சிக்கிடும். டைல்ஸெல்லாம் சாணிக்கறை ஆயிரும். ஒரு வேன் புடிச்சு ஆத்துக்குப் போயிருவோம் மதினி."

"வேன்ல ஏறியா ஆத்தா போவா? கோவில்ல தலைக்கு ஏத்துனா நடந்துதான் போகணும். அங்கன ஒரு குளம் கெடக்கே, அதுக்கென்ன?" என்று என் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அதுல எப்படி? அவிய தாலியறுத்தவியல்லா."

"தண்ணிக்கு ஏதுட்டி தாலி?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்த முதல் பங்குனியில் வாயை மூடி நின்றவர்கள்தான். "உன் சட்டிய மட்டும் உன் தொட்டியில கரைச்சிக்கிடலாம்னு பாக்காதே. அப்படின்னா எங்க சட்டியும் அதுலதான்" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சாணியும் மண்ணும் வைக்கோலும் விழுந்தால் என் குளம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? மோட்டார் போகும். மீன் போகும். குருவி வராது. எல்லாம் தெரிந்துதான் தலையை ஆட்டினேன்.

அந்த நாள் சாயங்காலம் கொட்டுச் சத்தம் தெருவில் திரும்பும்போதே நான் என் வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். மீன்களைக் காலையிலேயே குடத்தில் எடுத்து வைத்திருக்கலாம். எடுக்கவில்லை. வரிசையில் முதலில் அவள். தலைச்சட்டி எல்லாவற்றிலும் பெரிசு. ஈரமண்ணோடு நல்ல பாரம். முளை மஞ்சளும் பச்சையுமாக அவள் நெற்றிவரைக்கும் தொங்கியது. நான் நிதானமாகக் கதவுக் கொண்டியை எடுத்தேன். கரையில் வந்து நின்றாள்.

"நில்லுட்டி, மீன எடுத்துக்கிடுதேன்" என்றேன்.

அத்தனை பேர் முன்னால் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். சோறு வடிக்கிற பெரிய அரிப்புச் சல்லடை அடுப்படியில் இருந்தது. நான் எடுத்து வந்தது டீ வடிகட்டி.

மோட்டாரை நிறுத்தினேன். தண்ணீர் அடங்கியது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகப் பிடித்துக் குடத்தில் விட்டேன். மீன் சும்மா நிற்குமா? சேம்புக்குள் ஓடும், திருகைக்கு அடியில் ஓடும். நானும் பின்னாலேயே போவேன்.

"அக்கா, சீக்கிரம்."

"ஓடுதே, என்ன செய்ய?"

"கழுத்து போகுதுக்கா."

பின்னால் நின்ற மூத்தவள், "பாவம்ட்டி மீனு, வாயில்லாத சீவன். நீ மெதுவாப் புடி தாயி" என்றாள். விவரம் தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா, எனக்கு இன்னமும் தெரியாது. மெதுவாகவே பிடித்தேன். அவள் கழுத்து நடுங்குவதை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன். வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. துடைக்க முடியாது, இரண்டு கையும் சட்டியில்.

அப்போதுதான் அவள் கண் தண்ணீருக்குள் போயிற்று. குனிய முடியாது. கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்த்தாள். அடியில் பட்டுச் சேலை. கூப்பிய கை. நெற்றியில் கொஞ்சம் பாசி. மற்றபடி சாயம் நன்றாகத்தான் இருந்தது.

"இது எங்க பிளக்ஸுல்லா?"

"ஆமா."

"என்னையவா இதுக்குள்ள போட்டு வச்சிருக்கீங்க?"

"வருசம் ஆகப் போவுது, நான் தொட்டுத்தான் போட்டேன்" என்றேன். "பாரு, கருகல."

அவள் என்ன செய்வாள்? திரும்பிப் போக முடியாது, பின்னால் தெருவே நிற்கிறது. சட்டியைத் தரையில் வைக்க முடியாது. நான் கடைசி மீனையும் பிடித்துவிட்டு எழுந்து ஒதுங்கினேன். அவள் முழங்கால் போட்டு, தன் முளைப்பாரியைத் தன் முகத்தின்மேலேயே கவிழ்த்தாள். பெண்கள் குலவை போட்டார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து கொட்டினார்கள்.

எல்லோரும் போன பிறகு குளம் சாணிக்குழம்பாகக் கிடந்தது. குடத்து மீனில் சில செத்துப்போயின. மோட்டார் அடைத்துக்கொண்டது. உடைந்துபோன ஒரு சட்டியின் ஓடு குத்திப் பிளக்ஸ் கிழிந்துவிட்டது. கிழிந்தது அவள் முகத்துப் பக்கம் இல்லை, மாப்பிள்ளைப் பக்கம். அது ஒரு வருத்தம். அவனை எங்க வீட்டுக்காரருக்குப் பிடிக்கும்.

தெருவில் என்னைப் பெரிய மனசுக்காரி என்கிறார்கள். கட்டிக் காத்த குளத்தைச் சாமிக்குக் கொடுத்துவிட்டாளாம். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பெரிய மனசும் இல்லை, ஒன்றும் இல்லை. அவள் என்னிடம் பேசுவது இல்லை. மத்தியானம் நன்றாகத் தூங்குகிறாள் போலிருக்கிறது. குளத்துச் சேற்றை அள்ளிக் கரையில் போட்டேன். அதில் முளைக்காமல் தங்கிய தட்டாம்பயறு நாலைந்து கொடியாக ஏறிக் காய்த்தது. அவள் வீட்டு இருட்டறையில் என்னைத் தொட விடாத பயறு. பறித்து அவித்துத் தின்றேன். அதுவும் நன்றாகவே இறங்கியது.

மோட்டாரைக் கழற்றிக் கழுவிவிட்டேன், ஓடுகிறது. இனி மேலே விரிக்க ஒரு விரிப்புத்தான் வேண்டும். அவள் பேரனுக்குக் காதுகுத்து வருகிறது. தெருமுனையில் பிளக்ஸ் கட்டாமல் இருக்க மாட்டாள். ஆட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்கு ஞாபகம் பிசகும் என்று முதலிலேயே சொன்னேன். தூர்வாரியது அந்த வருஷமா, முந்தின வருஷமா? சரளுக்கு மேல் மணலா, மணலுக்கு மேல் சரளா? அவள் அன்று கட்டியது ஊதா என்றால் அந்த ஊதாவில் கரை என்ன நிறம்? விவரம் தெரிந்தவர்கள் யாராவது எங்கள் தெருவில் விசாரித்து, தப்பு இருந்தால் திருத்திவிடுங்கள். அவள் கழுத்து நடுங்கியதை மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம். அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.